அதிகபட்சம் முப்பது

வடக்குத் தடத்தில் வேகம் குறைந்ததை யாரும் ஒரே நாளில் உணரவில்லை. உணர்ந்திருந்தால் அன்றைக்கே தண்டவாளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தொண்ணூறு கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்த மின்ரயிலுக்கு முதலில் எழுபத்தைந்து என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து அது அறுபது ஆனது. அடுத்த ஆண்டு நாற்பத்தைந்து. ஒவ்வொரு முறையும் கால அட்டவணையையும் கூடவே இழுத்து நீட்டிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ஒரு மணி பத்து நிமிடத்தில் போன ரயில் இப்போது இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அட்டவணையும் இரண்டு மணி நேரம் என்றே சொன்னது. ஆகவே ரயில் ஒருநாளும் தாமதமில்லை. காகிதத்தில் பார்த்தால் நாட்டிலேயே ஒழுங்கான ரயில் அதுதான்.

அதிகாலை நாலு இருபது வண்டியை ஓட்டியவள் இதழினி. அவள் பிறந்த காலத்தில் பெண் குழந்தைகளுக்கு ‘இனி’ என்று முடியும் பெயர் வைப்பது ஊரெல்லாம் பரவியிருந்தது. அவள் வகுப்பில் மட்டும் ஏழு ‘இனி’கள். இப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது, ஓட்டுநர் வேலையில் இருபத்திரண்டு வருடம், ஒரு தாமதக் குறிப்புகூடக் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆட்கள் மூச்சிரைக்க ஓடிவருவதைப் பார்த்தாலும் அரை நிமிடம் நிற்க மாட்டாள் என்று பொன்னேரியில் அவளைத் திட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

அந்தத் தடம் பயணிகளுக்கு மட்டும் சொந்தமில்லை. தொழிற்பேட்டைகளிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டிகளும் அதே தண்டவாளத்தில்தான் ஓடின. அவற்றுக்கு ஓட்டுநர் கிடையாது. ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டர் நீளம். யார் எப்போது எந்த வேகத்தில் போவது என்று பிரித்துக்கொடுப்பது தடங்களை நடத்தும் ரயில் கழகத்தின் கணினி. அதன் முழுப்பெயர் தடப் பங்கீட்டு அமைப்பு. ஓட்டுநர்கள் அதைப் பங்காளி என்று கூப்பிட்டார்கள். பாதிச் சொத்தை வைத்துக்கொண்டு தன் பாதிதான் சின்னது என்று எப்போதும் மூக்கால் அழுகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது.

பதினெட்டாம் தேதி ஓட்டுநர்களின் ஓய்வறைப் பலகையில் புது உத்தரவு வந்திருந்தது. ஒன்றாம் தேதி முதல் பயணிகள் ரயிலுக்கு அதிகபட்சம் முப்பது. பயண நேரம் இரண்டு மணி ஐம்பது நிமிடம். நாலு இருபது வண்டி மூன்றரைக்கே கிளம்பும். இதழினி அதை இரண்டு முறை படித்தாள். படித்ததும் அவளுக்கு ஃபாசிலாவின் ஞாபகம்தான் வந்தது.

ஃபாசிலா கவரைப்பேட்டையில் ஏறுகிறவள். கொருக்குப்பேட்டையில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் உதவியாளர் வேலை. முதல் பெட்டி பெண்கள் பெட்டி என்பதால் ஓட்டுநர் அறைக்கு அடுத்தாற்போலவே நிற்பாள். ஏறும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டுவாள். நாலு வயது மகள் நஸ்ரீன் விழித்திருக்கும்போது அவள் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இன்னொரு தடவை வேகத்தைக் குறைத்தால் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கொருக்குப்பேட்டையிலேயே விடுதியில் தங்கிவிட வேண்டியதுதான் என்று போன வாரம் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இதழினிக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்குப் பார்த்து ஓட்டுநர் அறையில் கூடவே ஓர் அதிகாரி ஏறினார். ஹரிணேஷ், கழகத்தின் ஆய்வுப் பிரிவு. முப்பது வயது இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, மடியில் ஒரு டேப்லெட். உத்தரவு அமலுக்கு வருமுன் தடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் போக வந்தாராம். நல்ல பிள்ளைதான், வந்ததும் வணக்கம் சொன்னார், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வண்டி கவரைப்பேட்டையைத் தாண்டியதும் முப்பது எதற்கு என்று இதழினி கேட்டாள்.

அவர் பொறுமையாகவே விளக்கினார். சரக்கு வண்டிகள் பாரம் கூடி முப்பதில்தான் போகின்றன. நடுவே ஒரு வண்டி வேகமாகப் போனால் அதற்கு முன்னும் பின்னும் நிறைய இடம் விட வேண்டும். அந்த இடம் வீண். எல்லோரும் ஒரே வேகத்தில் போனால் நாளைக்குப் பதினோரு சரக்கு வண்டிகள் கூடுதலாக நுழையும்.

“பதினோரு வண்டி உங்களுக்கு லாபம், சரி. எங்க ஜனத்துக்கு?”

“அவங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்ல மேடம். பங்கீட்டு அமைப்பு ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறைச்சுட்டு மூணு மாசம் கவனிக்கும். பயணிங்க வேலை பார்க்கிற இடத்துல வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற நேரம் இருக்குல்ல, அதை வெச்சுத்தான் அவங்க இழப்பை அளக்கும். தொண்ணூறுல ஓடினப்ப நூத்துக்கு நாலு பேர் லேட்டாப் போனாங்க. இப்ப நாப்பத்தஞ்சுல, நூத்துக்கு ஒருத்தர்கூட லேட் இல்ல.”

“முன்கூட்டியே கிளம்பி வந்துடறாங்க சார். வேலை போயிடுமேன்னு பயந்து வராங்க.”

“அது வீட்டுப் பக்கம் நடக்கிறது. அதை அளக்க அதுக்கு வழி கிடையாது.” டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க, இதுக்குன்னு அறிக்கையில தனியா ஒரு பத்தியே இருக்கு. ‘அட்ஜஸ்ட்’னு பேர் வெச்சிருக்கோம். மத்த இடத்துல எல்லாம் அம்பது, அறுபதுன்னு வரும். உங்க தடத்துக்குத் தொண்ணூத்தெட்டு.”

பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் தாயிடம் சொல்வதுபோல அதைச் சொன்னார். இதழினிக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்துதான் வந்தது. மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆளுக்கு இடம் கேட்பவள் சொல்லும் சொல். கூடையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்பவள் சொல்லும் சொல். நல்ல மனசில் வருகிற வார்த்தை. அதை ஒரு இயந்திரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“முப்பதுலயும் இவங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா?”

ஹரிணேஷ் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தார். “இருபது வரைக்கும் போகலாம்னு ஒரு கணிப்பு இருக்கு” என்றார்.

அனுப்பம்பட்டு தாண்டி வளைவில் திரும்பும்போது யாரோ சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். வண்டி குலுங்கி நின்றது. இதழினி இறங்கி ஓடினாள். கதவு தானாக மூடுகிற புது ரயில்களெல்லாம் தெற்குத் தடத்துக்குப் போய்விட்டன. வடக்கே ஓடியவை வாய் பிளந்த பழைய பெட்டிகள். வாசலோரம் கம்பியைப் பிடித்து நின்றபடியே ஃபாசிலா தூங்கிப்போயிருக்கிறாள். பிடி நழுவி இடுப்புவரை வெளியே போய்விட்டாள். பக்கத்தில் நின்ற மீன்காரி கனிஷ்கா ஒரு கையால் அவள் துப்பட்டாவையும் மறுகையால் தலைமுடியையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறாள். சாப்பாட்டு டப்பா மட்டும் தண்டவாளத்தில் விழுந்து கிடந்தது.

இதழினி போனபோது ஃபாசிலா தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அழவில்லை, சுற்றி நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதழினியைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள்.

“என்னால வண்டி நின்னுபோச்சாக்கா? எனக்கு ஒண்ணும் ஆகல. நீங்க கிளம்புங்க, எல்லாருக்கும் லேட் ஆயிடும்.”

செத்துப் பிழைத்தவள் கேட்ட மன்னிப்பு அது. இதழினிக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஃபாசிலா மேல் கோபம், பங்காளி மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக இருபத்திரண்டு வருடம் நேரத்துக்கு ஓட்டினேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த தன் மேலேயே கோபம். நேரத்துக்கு ஓட்டி ஓட்டித்தான் இவர்களுக்கு எதுவும் ஆகவில்லை என்று அவளும் சேர்ந்து சாட்சி சொல்லியிருக்கிறாள்.

அறைக்குத் திரும்பியதும் திரையில் பங்காளி நினைவூட்டிக்கொண்டிருந்தது: ஐந்து நிமிட நிறுத்தம், உடனே புறப்படவும், அதிகபட்சம் நாற்பத்தைந்து. அவள் பதிவேட்டைத் திறந்தாள். நாற்பத்தொன்றாம் விதி என்று ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்து என்று ஓட்டுநர் கருதினால் வேகத்தைத் தன் விருப்பப்படி குறைக்கலாம். காரணத்தை எழுத வேண்டும். ஊர் போய்ச் சேரும்வரை எந்த இயந்திரமும் அதை மாற்ற முடியாது. மூடுபனிக்காகவும் மாட்டுக்காகவும் வைத்திருந்த விதி. இதழினி அதற்குக் கீழே எழுதினாள்: பயணிகள் நின்றபடி தூங்குகிறார்கள். கதவில்லாத பெட்டி. பாதுகாப்பான வேகம் பதினைந்து.

எழுதிவிட்டுப் பதினைந்தில் கிளப்பினாள்.

ஹரிணேஷுக்கு முதலில் புரியவில்லை. பிறகு டேப்லெட்டைப் பார்த்தார், பின்னால் வரிசை சேரத் தொடங்கியிருந்தது. பொன்னேரியை விட்டால் அத்திப்பட்டு வரை முந்திப்போக இடம் கிடையாது. ஒரே தடம் என்பதால் முன்னால் போகிறவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். மூன்று சரக்கு வண்டிகள் நின்றன, பிறகு நாலு, பிறகு ஆறு.

“மேடம், ப்ளீஸ், வரம்புக்காவது வாங்க. நாப்பத்தஞ்சு இருக்கு.”

“போர்டுல என்ன போட்டிருக்கு தம்பி? அதிகபட்சம் நாப்பத்தஞ்சு. குறைஞ்சபட்சம்னு எங்கயாவது போட்டிருக்கா?”

அவர் உண்மையிலேயே தேடிப் பார்த்தார். எங்கும் போட்டிருக்கவில்லை. வேகமாகப் போவதை மட்டும்தான் அவர்கள் தடுக்க நினைத்திருந்தார்கள். ஒருத்தி வேண்டுமென்றே மெதுவாகப் போவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பின்னால் பெட்டியில் முணுமுணுப்பு எழுந்தது. விரல் வைக்கிற நேரம் தப்பிவிடும் என்று பாதிப் பேருக்கு நடுக்கம்; ஃபாசிலாவுக்கு ஏற்கெனவே இரண்டு தாமதம், மூன்றாவது விழுந்தால் வேலை இல்லை. இதழினி ஒலிபெருக்கியை எடுத்தாள். இது வண்டியின் தாமதம், உங்கள் தாமதம் இல்லை, சீட்டு வரும் என்றாள். அப்படி ஒன்று இருந்ததையே ஜனம் மறந்திருந்தது. ரயில் அட்டவணைக்குப் பிந்தினால் ஒவ்வொரு பயணியின் வேலையிடத்துக்கும் கழகமே தாமதச் சீட்டு அனுப்ப வேண்டும். சீட்டு போய்விட்டால் பழி தொழிலாளியின் மேல் விழாது, கழகத்தின் இழப்பாகப் பதிவாகும். ரயில்தான் இரண்டு வருடமாகப் பிந்துவதே இல்லையே. மீஞ்சூர் தாண்டியதும் கைப்பேசிகள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன. சீட்டு வந்துவிட்டது என்று தெரிந்ததும் பெட்டியே அடங்கியது. கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தவர்களும் நின்றவர்களும் தூங்கிப்போனார்கள். ஃபாசிலாவைக் கனிஷ்கா தன் கூடைமேல் சாய்த்து வைத்திருந்தாள்.

ஒரு மணி இருபது நிமிடம் பிந்தி வண்டி சென்னைக்குள் நுழைந்தது. அத்திப்பட்டுப் பிரிவில் ஒன்பது சரக்கு வண்டிகள் தேங்கியிருந்தன. மேலதிகாரி ஒருவர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, அதிர்ச்சியில் அப்படிச் செய்துவிட்டதாக எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். நாளைக்கும் அவர்கள் தூங்குவார்கள், நாளைக்கும் பதினைந்துதான் என்று அவள் சொன்னாள். சொன்னபடியே செய்தாள். பங்காளி அவளைப் பொன்னேரியில் ஓரங்கட்டிவிட்டுச் சரக்கை முன்னே விட்டுப் பார்த்தது. ஓரங்கட்டினால் ரயில் பிந்தியது, பிந்தினால் சீட்டு பறந்தது. மூன்றாம் நாள் மாலை, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

நாலாம் நாள் வேறு ஒரு ஓட்டுநரைப் போட்டார்கள். அஸ்வத் என்று சின்ன வயசுக்காரன். பொன்னேரியில் கனிஷ்கா இறங்கிப்போய் அவன் அறைக் கதவைத் தட்டி, ஒரு நிமிடம் வந்து எட்டிப் பார்க்கச் சொன்னாளாம். வரமாட்டேன் என்றானாம். அவள் கெஞ்சவில்லை, மீன் பிடிக்கிற பிடியில் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போனாள். அவன் பெண்கள் பெட்டியைப் பார்த்தான். திரும்பி வந்து பதிவேட்டில் அதே வரியை எழுதினான், வேகத்தை மட்டும் பதினெட்டு என்று போட்டான். அதன்பின் ஆறு ஓட்டுநர்கள் மாறினார்கள். ஆறு பேரையும் கனிஷ்கா அழைத்துப் போனாள். ஜனமும் சும்மா இருக்கவில்லை. ஓட்டுநர் தலை தெரிந்ததும் தூக்கம் வராதவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டு காபி குடித்துவிட்டு ஏறிய ஒரு வாத்தியாரம்மா குறட்டையே விட்டாராம். இதையெல்லாம் ஃபாசிலா தினமும் போனில் சொல்லச் சொல்ல இதழினி வீட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முப்பதாம் தேதி அதிகாலையிலேயே பங்காளி கணக்கை மாற்றியது. வருத்தம் தெரிவிக்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. பயணிகள் ரயில்களை எவ்வளவு சீக்கிரம் தடத்தைவிட்டு அனுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்று அதற்கு இப்போது தோன்றியிருந்தது. வடக்குத் தடம், பயணிகள் ரயில், அதிகபட்சம் தொண்ணூறு.

வேலைக்குக் கிளம்புமுன் ஃபாசிலா ஒரு படம் அனுப்பினாள். நஸ்ரீன் பல் துலக்கிக்கொண்டு நிற்கிறாள், வாயெல்லாம் நுரை, பின்னால் ஜன்னலில் விடியல் வெளிச்சம். இதழினி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கே கழகத்திடமிருந்தும் ஒரு காகிதம் வந்திருந்தது. பதிவேட்டில் எழுதிய காரணம் தவறான கணிப்பு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் திங்களன்றே வேலைக்குத் திரும்பலாம். அதை நாலாக மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வாழ்த்து வாங்கிக்கொண்டு மாலைவரை திரிந்தாள்.

மாலையில் ஹரிணேஷ் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“மேடம், அந்தப் பதினோரு வண்டி ரத்தாகல. மேற்குத் தடத்துக்கு மாத்திட்டாங்க. திருவள்ளூர் பக்கம். நாளைலேர்ந்து அங்க பயணிகள் வண்டிக்கு முப்பது.”

அங்கே ஏன் என்று கேட்டாள்.

“அதுக்கு எங்கயாவது வெச்சாகணும். எங்க சத்தம் கம்மியோ அங்க வைக்கும். அந்தத் தடத்துக்கு அட்ஜஸ்ட் தொண்ணூத்தொம்பது.” பிறகு, “நான் சொன்னேன்னு தெரிய வேணாம்” என்றார்.

இதழினி போனை வைத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது வெட்கமாக இருந்தது. ஃபாசிலாவின் தலையிலிருந்து இறக்கியது வேறு யாரோ ஒருத்தியின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவள் பெயர்கூட இவளுக்குத் தெரியாது. அந்த வெட்கம் கோபமாக மாற வெகுநேரம் ஆகவில்லை. இதழினி பையில் ஒரு மாற்றுப் புடவையை வைத்துக்கொண்டு கடைசிப் பேருந்தைப் பிடித்தாள்.

ஒன்றாம் தேதி விடியுமுன், திருவள்ளூரில் சென்னை வண்டியின் முதல் பெட்டியில் ஏறினாள். சீருடை இல்லை, பதிவேடு இல்லை, இங்கே அவள் எழுதினால் செல்லுகிற விதி எதுவும் இல்லை. வண்டி முப்பதில் ஊர்ந்தது. வாசல்வரை பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருத்தி அடுத்தவள் தோளிலும், அவள் கம்பியிலும் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் அறைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரே ஒரு தகடுதான். அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு இதழினி குரலை உயர்த்தினாள்.

“நீங்கள்லாம் இன்னிக்கு எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?”

சிலர் கண்ணைத் திறந்து எரிச்சலோடு பார்த்தார்கள். பைத்தியம் ஏதாவது ஏறிவிட்டதோ என்று ஒருத்தி பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். இதழினி திரும்பவும் கேட்டாள். மூலையிலிருந்து, ஆஸ்பத்திரிச் சீருடை போட்ட ஒரு பெண், தன்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று புரியாமலே மெதுவாகச் சொன்னாள்.

“ரெண்டே கால்.”

“எனக்குச் சொல்லாதம்மா. இங்க வந்து, டிரைவர் காதுல விழுற மாதிரி சொல்லு.”

அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஆட்களை விலக்கிக்கொண்டு வரத் தொடங்கினாள்.